தேகாவின் பாலே ஓவியங்களில் ஆட்டம் எங்கே?

பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனத்தின் ஓவியம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவர் பிரெஞ்சு ஓவியர் எட்கார் தேகா. பலர் டீகாஸ் என்று சொல்கிறார்கள், பிரெஞ்சில் அந்தப் பெயரின் கடைசி எழுத்து ஒலிக்காது, தேகா என்றால் போதும். வெள்ளைப் பாவாடையும் ரோஸ் ரிப்பனுமாக அவருடைய பெண்கள் காபிக் கோப்பையில் இருக்கிறார்கள், காலண்டரில் இருக்கிறார்கள், குழந்தைகளின் அறைச் சுவரில் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பகிர்கிறவர்கள் கூடவே எழுதுவதும் பெரும்பாலும் ஒன்றேதான்: எவ்வளவு நளினம், நடனத்தின் அழகில் மயங்கிய ஓவியர்.

இந்த வரி எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. அவர் படங்களில் பத்தை எடுத்து வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் யாரும் ஆடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒருத்தி முதுகைச் சொறிவாள், ஒருத்தி குனிந்து காலணியின் நாடாவைக் கட்டுவாள், ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பாலே வரைந்தவர் என்று பேர், ஆட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மயங்கியது உண்மை என்றால் எதில் மயங்கினார்? அதைப் புரிந்துகொள்ள ஓவியம் படித்திருக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு புகைப்படங்களை நினைத்துக்கொண்டால் போதும்.

## பந்துவீச்சாளரும் கல்யாண ஆல்பமும்

நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வருகிற படம் ஒன்று. பந்துவீச்சாளர் காற்றில் இருக்கிறார், ஒரு கால் மடங்கியிருக்கிறது, கை தலைக்குப் பின்னால் போயிருக்கிறது, பந்து இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. காகிதத்தில் எதுவும் அசையவில்லை, ஆனாலும் நமக்கு வேகம் தெரிகிறது. அந்த நிலையில் எந்த மனிதராலும் ஒரு நொடிகூட நிற்க முடியாது என்பது நம் உடம்புக்குத் தெரியும். கண் ஒரு கணத்தைத்தான் பார்க்கிறது, அடுத்த கணத்தை உடம்பு தானாகச் சேர்த்துக்கொள்கிறது.

இன்னொன்று கல்யாண ஆல்பம். மேடையில் இருபது பேரை நிறுத்தி, அசையாம நில்லுங்க என்று சொல்லி எடுத்த படத்தில் எல்லோருடைய எடையும் இரண்டு காலிலும் சமமாக இருக்கும். அதற்கு முன்னால் எதுவும் நடந்ததாகத் தெரியாது, பின்னால் எதுவும் நடக்கப்போவதாகவும் தெரியாது. அதே ஆல்பத்தில், அத்தை குனிந்து புடவை மடிப்பைச் சரிசெய்ய, பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் லேசாகச் சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் எங்கேயாவது இருக்கும். நம் கண் போய் நிற்பது அதில்தான்.

உடம்பின் எடை பாதங்களுக்கு நேர்மேலே இருந்தால் அது சமநிலை. எடை அதைவிட்டு விலக ஆரம்பித்தால் அசைவு. நடப்பது என்பதே முன்னால் விழப்போய், விழுவதற்குள் அடுத்த காலை வைத்துத் தாங்கிக்கொள்வதுதான்.

ஆக இதுவரை பார்த்தது ஒன்றே ஒன்று. அசையாத படத்தில் அசைவைக் காட்ட வேண்டுமென்றால், உடம்பு நிலையாக இல்லாத கணத்தைப் பிடிக்க வேண்டும். தேகா இதைத் தேடித்தான் நாட்டிய அரங்குக்குப் போனார்.

## அவர் உள்ளே போன வழி

தேகா 1834-இல் பாரிஸில் ஒரு வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் வரலாற்றுக் காட்சிகளைப் பெரிதாக வரைய ஆசைப்பட்டார், அப்புறம் தன் காலத்து நகரத்தின் பக்கம் திரும்பினார்: குதிரைப் பந்தயம், துணி தேய்க்கும் பெண்கள், தொப்பிக் கடை, பாட்டுக் கச்சேரி நடக்கும் காபிக் கடை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாரிஸ் ஓப்பரா. ஓப்பரா என்பது பாட்டிலேயே கதை நடக்கும் மேடை நாடகம், அதை நடத்துகிற நிறுவனத்துக்கும் பாரிஸில் அதே பெயர். பாலேயும் அந்தக் கட்டடத்தில்தான் நடந்தது, அதற்குச் சிறுமிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளியும் அங்கேயே இருந்தது.

ஆரம்பத்தில் அவரை உள்ளே இழுத்தவர்கள் இசைக்காரர்கள். 1870 வாக்கில் வரைந்த 'ஓப்பராவின் இசைக்குழு' என்ற படத்தின் நடுவே, பசூன் என்ற நீளமான மரக்குழல் வாத்தியத்தை வாசித்தபடி அவருடைய நண்பர் தெசிரே தியோ உட்கார்ந்திருக்கிறார். படத்தின் பெரும்பகுதி இசைக்குழுவின் கறுப்புக் கோட்டுகள்தான். அதற்கு மேலே, குறுகலாக ஒரு பட்டை மாதிரி மேடை தெரிகிறது. மேடையில் ஆடும் பெண்களின் கால்களும் பாவாடைகளும் பளிச்சென்று இருக்கின்றன, தலைகளைப் படத்தின் மேல்விளிம்பு வெட்டிவிட்டது!

அந்தக் காலத்து ஓவியத்தில் முக்கியமானவரைத் தலையில்லாமல் விடுவதை யாரும் செய்ய மாட்டார்கள். அவர் செய்தார், அதைத் தொடர்ந்தும் செய்தார். நடனக்காரிகளை மட்டும் வைத்து அவர் உருவாக்கிய எண்ணெய் ஓவியம், பேஸ்டல் என்ற நிறக்குச்சியால் வரைந்த படம், அச்சு, வரைபடம் எல்லாம் சேர்த்தால் சுமார் 1,500 வரும் என்பது கணக்கு. ஒரு வாழ்நாள் வேலையில் ஏறக்குறைய பாதி.

## ஒரு படத்தை மெதுவாகப் பார்க்கலாம்

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் 'நடன வகுப்பு', 1873-இல் தொடங்கி 1876 வாக்கில் முடித்தது. பெரிய பயிற்சி அறை. ஆசிரியர் நடுவே ஆளுயரக் கழியை ஊன்றி நிற்கிறார். அவர் பெயர் ழூல் பெரோ, தன் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய நடனக்காரர், படத்தில் வயதாகித் தலை நரைத்திருக்கிறது. ஒரு பெண் அவர் முன்னால் நின்று ஏதோ செய்துகாட்டுகிறாள். சரி, மற்றவர்கள்?

இடது பக்கம் பியானோவின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. கையைப் பின்னால் வளைத்து முதுகைச் சொறிகிறாள், சொறிகிற சுகத்தில் மோவாய் மேலே போயிருக்கிறது. முன்னால் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள், இடுப்பில் பெரிய ரிப்பன் முடிச்சு. கீழே ஒரு குட்டி நாய். அதன் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி. நடன அறையில் பூவாளி எதற்கு? மரத்தரையில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும், கால் வழுக்காது. தூரத்தில் மேடான இடத்தில் பெண்கள் கூட்டமாக இருக்கிறார்கள், ஒருத்தி கழுத்துப் பட்டையைச் சரிசெய்கிறாள், சிலர் இடுப்பில் கையை ஊன்றி நிற்கிறார்கள், கூடவே காவலுக்கு வந்த அம்மாக்கள்.

வகுப்பு முடியப்போகிறது, எல்லோருக்கும் களைப்பு, ஆசிரியரைப் பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. இந்தக் களைப்பில்தான் உடம்பு பொய் சொல்லாது. மேடையில் ஆடும்போது அந்தப் பெண்ணின் ஒவ்வொரு விரலும் கற்றுக்கொடுத்தபடி இருக்கும், அதை வரைந்தால் நடன ஆசிரியரின் வேலையை நகலெடுத்ததாகத்தான் ஆகும். முதுகைச் சொறியும்போதுதான் தோள்பட்டை எப்படித் திரும்புகிறது, எடை எந்தப் பக்கம் போகிறது, பல வருடப் பயிற்சி அந்த உடம்பை என்ன செய்திருக்கிறது என்பது தெரியும். அப்படிச் சொறியும்போதும் அவர்களுடைய பாதம் வெளிப்பக்கம் திரும்பியே இருக்கும், பழக்கம் விடாது. இதையெல்லாம் பார்க்க எவ்வளவு நேரம் அங்கே நின்றிருப்பார் என்று நினைத்தால் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது.

பல விமரிசகர்கள் இதை 'அழகான பெண்களின் அந்தரங்கத் தருணம்' என்கிற மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அது பட்டறையில் வேலைக்கு இடையே ஓய்வெடுக்கிறவர்களின் படமாகவே தெரிகிறது.

## சட்டகத்தை வெட்டுவதும் கீழிருந்து வரும் வெளிச்சமும்

அசைவைக் காட்ட அவர் உடம்பை மட்டும் நம்பவில்லை. படத்தின் நான்கு ஓரங்களுக்குச் சட்டகம் என்று பேர் வைத்துக்கொள்வோம். வழக்கமான ஓவியர் முக்கியமானதை நடுவே வைத்து, ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவார். தேகா ஆளைப் பாதியில் வெட்டுவார், நடுவே வெறும் தரையை விட்டுவிடுவார். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து மொபைலில் படம் எடுத்தால் ஓரத்தில் யாரோ ஒருவர் பாதி மட்டும் விழுவாரே, அவர் மீதிப் பாதியோடு வெளியே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தோன்றும் இல்லையா? அதே வேலைதான். இந்தத் துணிச்சல் அவருக்கு வந்ததில் அப்போது பாரிஸுக்கு வந்து குவிந்த ஜப்பானிய மர அச்சுப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அவர் அவற்றைச் சேகரித்தவர்.

பார்க்கும் இடத்தையும் மாற்றினார். இசைக்குழுவின் குழியிலிருந்து மேலே பார்ப்பார், இல்லை பக்கவாட்டு மாடத்திலிருந்து கீழே பார்ப்பார். பாரிஸின் சர்க்கஸ் ஒன்றில் மிஸ் லா லா என்ற பெயரில் வித்தை காட்டிய பெண், கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டே கூரை உயரத்துக்குப் போவார். 1879-இல் தேகா அதை வரைந்தபோது நம்மையும் கூட்டத்தோடு கீழே உட்கார வைத்துவிட்டார். இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அந்தப் படத்தின் முன்னால் நிற்கிறவருக்கும் தலை தானாக அண்ணாந்துபோகும்.

அப்புறம் விளக்கு. அந்தக் கால மேடையின் முன்விளிம்பில், தரையோடு தரையாக, எரிவாயு விளக்குகள் வரிசையாக இருக்கும். வெளிச்சம் கீழிருந்து வரும். சின்ன வயதில் இருட்டில் டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்துத் தம்பி தங்கைகளைப் பயமுறுத்தியவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும். மோவாயும் மூக்கின் அடிப்பக்கமும் வெளுக்கும், கண்குழியில் வெளிச்சம் ஏறும், நெற்றி இருண்டுவிடும். பகலில் யாருக்கும் இல்லாத முகம் அது. அவருடைய மேடைப் பெண்களின் முகம் சில சமயம் விகாரமாகத் தெரிவது இதனால்தான். அவர் அழகாக்கிக் காட்ட முயலவே இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்: எடை விலகுகிற உடம்பு, வெட்டப்பட்ட சட்டகம், எதிர்பாராத பார்வைக்கோணம், தலைகீழான வெளிச்சம். இவை சேரும்போது நாம் தற்செயலாக அந்த அறைக்குள் நுழைந்துவிட்டதாக நினைக்கிறோம். அடுத்த தவறான கருத்து பிறப்பதும் இங்கேதான்.

## அங்கேயே உட்கார்ந்து வரைந்தாரா?

இல்லை. 'கணத்தைப் பிடித்தார்' என்று அடிக்கடி எழுதுகிறார்கள், அவர் இம்ப்ரெஷனிஸ்ட் என்பதால் அப்படித் தோன்றுகிறது. இம்ப்ரெஷனிசம் என்பது வெளியே போய், மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்த சூட்டோடு வரைய முயன்ற ஓவியர் குழுவின் போக்கு. அந்தக் குழு 1874 முதல் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் தேகா கலந்துகொண்டார். ஆனால் வெளியே போய் வரைவது அவருக்குப் பிடிக்காது. பார்த்து, குறிப்பெடுத்து, ஸ்டூடியோவுக்கு வந்து, நடனப் பெண்களை வரவழைத்து ஒவ்வொரு நிலையிலும் நிற்கச் சொல்லி, அதைப் பலமுறை வரைந்து, பிறகுதான் படத்தில் வைப்பார்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1874-இல் வரைந்த இன்னொரு நடன வகுப்பு இருக்கிறது. அதில் தெரியும் அறை பழைய ஓப்பரா கட்டடத்தைச் சேர்ந்தது. அந்தக் கட்டடம் 1873 அக்டோபரிலேயே எரிந்துபோனது! புதிய கட்டடம், இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் பலே கார்னியே, 1875 ஜனவரியில்தான் திறந்தது. இல்லாத அறையில் நடக்காத வகுப்பு. ஆசிரியர் பெரோவைக்கூடத் தனியாக வரைந்து வைத்த படம் இருக்கிறது. ஒவ்வொரு உடம்பையும் ஒவ்வொரு தாளிலிருந்து எடுத்துக் கூட்டமாகச் சேர்த்திருக்கிறார், அதைச் சேர்த்த தையல் எங்கேயும் தெரியவில்லை.

இதற்கு அவருக்குக் கைகொடுத்தது பேஸ்டல். நிறப்பொடியைத் துளிப் பசையோடு பிசைந்து குச்சியாக்கியதுதான் பேஸ்டல், பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ஆயில் பேஸ்டல் வேறு. காயவேண்டியதில்லை, உடனே அடுத்த நிறத்தை மேலே போடலாம், விரலால் தேய்க்கலாம். டூட்டூ எனப்படும் அந்தப் பல அடுக்கு மெல்லிய பாவாடைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. ஒரு உருவத்தை மெல்லிய தாளை மேலே வைத்துப் பிரதியெடுப்பார், கொஞ்சம் மாற்றுவார், மறுபடி பிரதியெடுப்பார். இடம் பற்றாவிட்டால் ஓரத்தில் தாளை ஒட்டி நீட்டிக்கொள்வார். 1895 வாக்கில் வரைந்த ஒரு நீளமான எண்ணெய் ஓவியம் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நான்கு பெண்கள் குனிந்து காலணியைச் சரிசெய்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் நான்கும் ஒரே பெண்தான், நான்கு பக்கமிருந்து பார்த்தது என்று தோன்ற ஆரம்பிக்கும்.

ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே காலை நூறு தடவை தூக்குகிறாள். ஓவியர் அதே காலை நூறு தடவை வரைகிறார். அவர் மயங்கியது இதில்தான் என்பது என் எண்ணம். திரை உயரும்போது சிரமமே இல்லாமல் நடப்பது மாதிரி தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் சலிக்காத திரும்பத் திரும்பச் செய்தல் இருக்க வேண்டும். பயிற்சி அறையில் அவர் தன் தொழிலைப் பார்த்தார்.

## கறுப்புக் கோட்டுக்காரர்

உழைப்பு என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. 1876 வாக்கில் செய்த 'நட்சத்திரம்' என்ற படம் எல்லோருக்கும் தெரிந்தது: தனியாக ஒரு பெண் கைகளை விரித்து, ஒற்றைக்காலில், முகம் மேலே தூக்கி. இது மோனோடைப்பின் மேல் பேஸ்டல். மோனோடைப் என்றால் உலோகத் தகட்டில் மையால் வரைந்து, தாளை அழுத்தி எடுக்கும் ஒற்றை அச்சு. ஆடுகிற படம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு இடது மேல்பக்கம் பாருங்கள். காட்சித் திரைகளுக்கு நடுவே கறுப்பு உடையில் ஓர் ஆண் நிற்கிறார். முகம் திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, உடம்பு மட்டும் தெரிகிறது.

அவர் ஓப்பராவின் சந்தாதாரராக இருக்கலாம். வருடச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு மேடைக்குப் பின்னால் போகும் உரிமை இருந்தது. நடனப் பள்ளிச் சிறுமிகள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், பாரிஸில் அவர்களைக் 'குட்டி எலிகள்' என்றார்கள். பணம் இருந்தவர்கள் அந்த வறுமையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது ஊருக்கே தெரியும். தேகா இதைக் கண்டித்து எதுவும் எழுதவில்லை, ஆனால் கறுப்புக் கோட்டைப் படத்திலிருந்து அகற்றவும் இல்லை. அவரும் அதே இடத்தில் நின்று பார்த்த ஆண்தான் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அந்தச் சிறுமிகளில் ஒருத்தி மரி வான் கோத்தெம், துணி வெளுக்கும் பெண்ணின் மகள். அவளை வைத்துத்தான் 'பதினான்கு வயது குட்டி நடனக்காரி' என்ற மெழுகுச் சிலையைச் செய்தார், 1881 கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். உண்மைத் துணியில் பாவாடை, உண்மையான தலைமுடி, பட்டு ரிப்பன். பார்த்தவர்களில் பலர் அந்த முகத்தை அசிங்கம், மிருகம் என்றெல்லாம் திட்டினார்கள். ஏழைப் பெண்ணை ஏழைப் பெண்ணாகவே காட்டியதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அடுத்த வருடமே மரியை ஓப்பராவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நளினம், அழகு என்று மட்டும் எழுதும்போது எனக்கு உறுத்துவது இவளை நினைத்துத்தான்.

## மேடைக்குள்ளேயே போனவர்கள்

மேடையில் மயங்கிய நவீன ஓவியர் தேகா மட்டும் இல்லை. அவருக்கு அடுத்த தலைமுறையில் துலூஸ் லோத்ரெக் இரவு விடுதிகளின் ஆட்டக்காரர்களை வரைந்தார், ஆனால் அவருக்கு ஆள் முக்கியம். ஆட்டக்காரி ழான் அவ்ரில் என்றால் ழான் அவ்ரில்தான், தொப்பியை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். தேகாவின் பெண்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது.

பிக்காசோ பார்வையாளர் இருக்கையை விட்டு எழுந்து மேடைக்கே போய்விட்டார். 1917 மே 18 அன்று பாரிஸில் 'பராத்' என்ற பாலே அரங்கேறியது, ருஷ்யரான தியாகிலெவின் குழு, எரிக் சாட்டியின் இசை. திரை, காட்சியமைப்பு, உடை எல்லாம் பிக்காசோ. அட்டையால் கட்டிய சில உடைகள் ஆளைவிட மிக உயரம், உள்ளே இருந்தவர் நடப்பதே பெரும்பாடு. உடம்பின் அசைவைத் தாளில் பிடிப்பது தேகாவின் வேலை, உடம்புக்கு ஒரு ஓவியத்தையே மாட்டிவிட்டு அது எப்படி அசைகிறது என்று பார்ப்பது பிக்காசோவின் வேலை. அந்தக் குழுவில் ஆடிய ஓல்காவை அடுத்த வருடம் அவர் திருமணமும் செய்துகொண்டார்.

## ஸ்டூடியோவில் கிடைத்தவை

'பராத்' மேடையேறிய நான்கு மாதத்தில், 1917 செப்டம்பர் 27 அன்று, அதே பாரிஸில் தேகா இறந்தார். வயது 83. கண்பார்வை பல வருடங்களுக்கு முன்பே மங்கத் தொடங்கி, கடைசியில் வரைவதையும் விட்டிருந்தார். பார்வை குறையக் குறைய, விரலால் தடவிப் பார்த்துச் செய்யக்கூடிய மெழுகையும் களிமண்ணையும் அதிகம் நாடினார். ஸ்டூடியோவைத் திறந்தபோது அப்படிச் செய்த சிறு உருவங்கள் சுமார் 150 கிடைத்தன. பல உடைந்து உதிர்ந்திருந்தன, உள்ளே கம்பியும் கார்க்கும் தெரிந்தன. அவர் வாழ்நாளில் வெளியே காட்டிய சிலை மரியுடையது ஒன்றுதான். தப்பித்தவற்றில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை அவர் குடும்பத்தினர் பிறகு வெண்கலத்தில் வார்க்கச் செய்தார்கள்.

அவற்றில் ஒரு நிலை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பெண் இடதுகாலில் நிற்கிறாள். வலதுகாலைப் பின்பக்கமாகத் தூக்கி, கையால் பிடித்து, உடம்பைத் திருகித் தன் உள்ளங்காலைப் பார்க்கிறாள். முள் குத்தியதா, தோல் உரிந்ததா என்று பார்க்கிற மாதிரி. விழாமல் இருக்க இன்னொரு கை காற்றில் நீண்டிருக்கிறது. இதை அவர் ஒருமுறை செய்து நிறுத்தவில்லை, இடுப்பின் சாய்வைக் கொஞ்சம் மாற்றி, நீட்டிய கையைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும் செய்திருக்கிறார்.